களவும் ஒற்றும்: சங்க காலப் பின்னணியில் காதல் உளவு நாவல் எழுதும் முறை

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 71ஆம் அதிகாரம் அரசனின் உள்ளத்தை அவன் முகத்திலிருந்து அமைச்சன் படித்தறிவதைச் சொல்கிறது. 110ஆம் அதிகாரம் காதலியின் பார்வையைக் காதலன் படித்தறிவதைச் சொல்கிறது. களவு எனப்படும் மறைவான காதலையும் ஒற்று எனப்படும் உளவையும் பின்னி நாவல் எழுத விரும்புபவர் முதலில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். ‘ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்’ காதலர்க்கே உரியது என்று 1099ஆம் குறள் கூறுகிறது. பகைவர் ஊரின் கடைத்தெருவில் எதிர்ப்படும் இரண்டு ஒற்றர்களுக்கும் அதே பார்வைதான் தேவைப்படுகிறது.

அடுத்து, ஒரு களத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது முற்றுகைக்கு உள்ளான உறையூர். உள்ளே நெடுங்கிள்ளி, வெளியே நலங்கிள்ளி. இருவரும் சோழர், இருவருக்கும் தலையில் சூடும் ஆத்திக் கண்ணியே அடையாளம் என்று புறநானூற்றின் 45ஆம் பாட்டில் புலவர் கோவூர்கிழார் வருந்துகிறார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, அதே கோவூர்கிழார் பாடி அவன் உயிரைக் காத்தார் என்பதை 47ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. பாடி வருபவனுக்கும் உளவு பார்க்க வருபவனுக்கும் இடையே கோட்டைக் காவலனால் வேறுபாடு காண முடியாத காலம் அது. ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல விதை கிடைப்பது அரிது. ஆனால் இளந்தத்தனையே நாயகனாக்க வேண்டாம். அவனைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது பெயரும் அந்த ஒரு நிகழ்ச்சியும் மட்டுமே. அவனுக்குப் பின் அதே வாயிலில் வந்து நிற்கும் ஒரு பாணனைக் கற்பனையாகப் படைத்துக்கொள்வதே நேர்மையானது.

முற்றுகையின் உட்பக்கத்தை 44ஆம் பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அது ஆவூர் முற்றுகையைப் பாடியது என்றாலும், அடைபட்ட ஊரின் துயரம் எங்கும் ஒன்றுதான்: யானைகள் குளத்துக்குப் போகவில்லை, பாலின்றிக் குழந்தைகள் அலறுகின்றன, மகளிர் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள். இந்தப் பூவில்லாத கூந்தலை வெறும் வருணனையாக வீணாக்கிவிடக் கூடாது. பல நாளாக ஊருக்குள்ளேயே இருப்பதாகச் சொல்லும் பாணன் திண்ணையில் யாழை இறக்கி வைக்கிறான். யாழின் உறை மடிப்பிலிருந்து வாடாத ஆத்திப் பூ ஒன்று தரையில் விழுகிறது. ஊரில் யாரும் பூப் பார்த்து ஒரு மாதமாகிறது. பூத்தொடுப்பவளின் மகளான நாயகி அதைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துடைப்பத்தால் அந்தப் பூவைத் தூசியோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளுகிறாள். காதலும் அரசத் துரோகமும் அந்த ஒரே அசைவில் தொடங்கிவிட்டன. ‘அவள் அவனை விரும்பினாள்’ என்று அதன்பின் எழுதினால் காட்சி கெட்டுவிடும்.

சந்திப்புகளுக்கு வேண்டிய உத்திகள் காதலைப் பாடும் அகப்பாடல்களில் ஏராளமாக உள்ளன. பகற்குறி, இரவுக்குறி என்று சந்திக்கும் இடமும் பொழுதும் முன்பே பேசி வைக்கப்படுகின்றன. நீரில் கனி விழும் ஓசை போன்ற ஏதோ ஒன்றைத் தலைவனின் குறியென்று நினைத்துத் தலைவி போய் ஏமாந்து திரும்புவதற்கு ‘அல்லகுறி’ என்று பெயர். காதல் கதையில் அது ஒரு பெருமூச்சோடு முடியும். உளவுக் கதையிலோ, தவறான ஓசைக்கு அவள் கதவைத் திறந்த அந்தக் கணத்தில் காவலன் தெருமுனையில் நிற்கலாம். இரவுக்குறிக்கு வரும் தடைகளை அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் அடுக்குகிறார்: உறங்காத ஊர், தாய், காவலர், நாய், நிலவு, கூகை, சேவல். ஒரு முழு அத்தியாயத்தின் திட்டமே அந்தப் பாட்டில் இருக்கிறது.

கதையின் முடிச்சை ‘ஒற்றாடல்’ என்ற 59ஆம் அதிகாரம் தருகிறது. ஓர் ஒற்றன் தந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறது 588ஆம் குறள். ஒருவரை ஒருவர் அறியாதபடி அவர்களை ஆள வேண்டும் என்கிறது அடுத்த குறள். அப்படியானால், நெடுங்கிள்ளிக்காக நாயகி ஏற்கெனவே செய்தி திரட்டிக்கொண்டிருப்பவளாக இருக்கட்டும். பாணனைப் பற்றி ‘ஐயமில்லை’ என்று அவள் சொல்லியனுப்பிய பின், அந்தச் சொல்லைச் சோதிக்க அவளறியாத இன்னொருவரை அரசன் அனுப்புகிறான். அந்த இன்னொருவர் அவளுடைய தோழியாகவே இருந்தால், களவில் துணைநிற்க வேண்டியவளே கண்காணிப்பவளாகிறாள். நாவலின் மிக வலிமையான பாத்திரம் அவளாகத்தான் இருப்பாள்.

மொழியில் கவனம் தளரக் கூடாது. என் முதல் வரைவில் நாயகி சாவியைத் தேடினாள், ஜன்னலோரம் காத்திருந்தாள்; இரண்டு சொற்களும் போர்த்துகீசியரோடு வந்தவை. திறவுகோல், சாளரம் என்று மாற்றியபோது காட்சியே வேறு ஒளி பெற்றது. மிளகாயும் வேண்டாம், மிளகு போதும். அதற்காக உரையாடலை முழுச் செந்தமிழாக்கி வாசகரைத் துரத்தவும் கூடாது. காலத்துக்கு ஒவ்வாத சொல்லை விலக்கினாலே பெரும்பாலும் போதுமானது. பொருள்களுக்குப் பத்துப்பாட்டைத் திறக்கலாம்: முல்லைப்பாட்டின் பாசறையில் நீர் சொட்டும் கன்னல் என்னும் நாழிகை வட்டிலால் பொழுதளப்பவர்களும், பேசாமல் உடலசைவாலேயே பேசும் வேற்றுநாட்டு மிலேச்சக் காவலர்களும் இருக்கிறார்கள், மதுரைக்காஞ்சியின் நள்ளிரவில் இடுப்பில் நூலேணி சுற்றிய கள்வர் உலவுகிறார்கள்.

முடிவை மட்டும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும், ஏனெனில் இந்தக் கலவையின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. களவு ஒருநாள் வெளிப்பட்டே ஆக வேண்டும்: தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் உரைக்க (இதையே ‘அறத்தொடு நிற்றல்’ என்பர்), திருமணம் நடக்கும். ஒற்றோ ஒருபோதும் வெளிப்படக் கூடாது. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்தால் அரசன் தன் மறைவான செய்தியைத் தானே வெளிப்படுத்தியவன் ஆவான் என்று 590ஆம் குறள் எச்சரிக்கிறது. ஆகவே அவள் திருமணப் பந்தலில் ஊர் முழுவதும் கூடியிருக்கும்போது, அவள் காத்த ஊருக்கு அவள் என்ன செய்தாள் என்பதை அங்கே தோழி ஒருத்தி மட்டுமே அறிந்திருக்க வேண்டும். அந்தத் தோழி மணமகளின் கூந்தலில் ஆத்திப் பூவைச் சூட்டும் இடத்தில் நான் என் கடைசி அத்தியாயத்தை நிறுத்தினேன்.