ஆப்பிள் சிப் மேக்கில் ரெவிட்டை ஓட்டுவது எப்படி

கட்டடங்களை முப்பரிமாண மாடலாக உருவாக்கி வரைபடங்கள் எடுக்க உதவும் ரெவிட், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். 2002ஆம் ஆண்டில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. இன்றுவரை அதற்கு மேக் பதிப்பு என்று ஒன்று வரவில்லை. அதே நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆட்டோகேட், 2010ஆம் ஆண்டில் மேக்குக்குத் திரும்பி வந்து, 2024 பதிப்பிலிருந்து ஆப்பிள் சிப்பிலேயே நேரடியாக ஓடுகிறது என்பதால், ரெவிட்டும் என்றாவது வந்துவிடும் என்று பல கட்டடக்கலைஞர்கள் காத்திருந்து அலுத்துவிட்டார்கள். இன்டெல் சிப் இருந்த காலத்தில் பூட் கேம்ப் வழியாக மேக்கையே ஒரு விண்டோஸ் கணினியாக மாற்றிக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்தபோது அந்த வழி அடைபட்டது.

இப்போது மிஞ்சியிருப்பது, மேக்கின் உள்ளே பேரலல்ஸ் டெஸ்க்டாப் என்ற மென்பொருள் உருவாக்கித் தரும் மெய்நிகர் கணினியில் (மென்பொருளாலேயே ஆன கணினியில்), ஆப்பிள் சிப் சேர்ந்த ஏ.ஆர்.எம். வகைச் சிப்புக்கான விண்டோஸ் 11ஐ நிறுவி, அதன்மேல் ரெவிட்டை ஏற்றுவது. ஆப்பிள் சிப் மேக்கில் இவ்வாறு விண்டோஸை இயக்க 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஒப்புதல் அளித்தது. ஆனால் ரெவிட், இன்டெல் போன்றவற்றின் எக்ஸ்64 வகைச் சிப்புக்காக எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு கட்டளையையும் விண்டோஸ் ஏ.ஆர்.எம். மொழிக்கு மாற்ற வேண்டும், திரையில் வரைவதற்காக அது விண்டோஸின் கிராஃபிக்ஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 11இடம் கேட்பதைப் பேரலல்ஸ், ஆப்பிளில் அதே வேலையைச் செய்யும் மெட்டலுக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கும் நேரம் செலவாகிறது. ஆட்டோடெஸ்க் இந்த அமைப்பை ஆதரிப்பதில்லை. அதற்காக நிறுவும்போது யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஏதேனும் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. ஆகவே இந்த அமைப்பு என்றாவது ஒருநாள் கவிழும் என்று வைத்துக்கொண்டு, கவிழ்ந்தால் ஒரு மணி நேர வேலைக்கு மேல் போகாதபடி எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் செலவழிப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பேரலல்ஸை 14 நாள்களும் ரெவிட்டைக் குறிப்பிட்ட சில நாள்களும் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ரெவிட்டுடன் வரும் மாதிரி வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். அது எந்தக் கணினியிலும் ஓடும். உங்கள் அலுவலகத்தில் கடைசியாக முடித்த திட்டங்களில் பெரியது எதுவோ அதன் நகலை எடுத்து, கோப்பு திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது, முப்பரிமாணக் காட்சியில் நிழலை இயக்கிச் சுழற்றினால் என்ன ஆகிறது, பத்து ஷீட்டுகளை, அதாவது அச்சுக்கான வரைபடத் தாள்களை, பி.டி.எஃப். ஆக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீடுகள், சிறு கடைகள் போன்ற திட்டங்களுக்கு இது போதும் என்பது என் கணிப்பு. பல துறையினரின் மாடல்கள் இணைக்கப்பட்ட மருத்துவமனைத் திட்டத்துக்கு இதை நம்பி இறங்க மாட்டேன்.

சோதனையில் மனம் ஒப்பினால் அடுத்த கேள்வி நினைவகம் (ரேம்). ரெவிட் குறைந்தபட்சம் 16 ஜி.பி. கேட்கிறது. மேக்கில் நினைவகம் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாத பொருள் என்பதாலும், அதையே மேக்கும் விண்டோஸும் பங்கு போட்டுக்கொள்வதாலும், 32 ஜி.பி.க்குக் குறைந்த மேக்கை இந்த வேலைக்கென்று வாங்க வேண்டாம். அதில் 16 முதல் 20 ஜி.பி. வரை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டு மீதியை மேக்குக்கு விடலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பேரலல்ஸின் ஸ்டாண்டர்டு பதிப்பு ஒரு மெய்நிகர் கணினிக்கு 8 ஜி.பி. நினைவகமும் 4 கோர்களும் (சிப்பின் கணக்கிடும் பகுதிகள்) மட்டுமே தரும். ஆகவே ப்ரோ பதிப்புக்குத்தான் சந்தா கட்ட வேண்டியிருக்கும். கோர்களை வாரி வழங்குவதிலும் பெரிய பயனில்லை, ஏனெனில் மாடலில் சுவரை நகர்த்துவது போன்ற அன்றாட வேலைகளில் ரெவிட் பெரும்பாலும் ஒரே கோரைத்தான் நம்பியிருக்கிறது. பாதியைக் கொடுத்தால் போதும்.

நிறுவுவது எளிது. பேரலல்ஸே விண்டோஸ் 11ஐ இறக்கி நிறுவிக்கொள்ளும். அதற்கான உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும். விண்டோஸின் பதிப்பு 24எச்2 அல்லது அதற்குப் பிந்தையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எக்ஸ்64 நிரல்களை வேகமாக மாற்றித் தரும் பிரிஸம் அந்தப் பதிப்பில்தான் வந்தது. எல்லாப் புதுப்பிப்புகளும் முடிந்து, கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்த பிறகு, ரெவிட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது மெய்நிகர் கணினியை அந்த நேரத்தில் இருந்த நிலைக்கே பின்னர் திருப்ப உதவும் பதிவு, எடுத்துவையுங்கள். ரெவிட்டில் 2022 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே ஏற்றுங்கள், ஏனெனில் பி.டி.எஃப். ஏற்றுமதி ரெவிட்டுக்குள்ளேயே வந்தது அப்போதுதான். அதற்கு முந்தைய பதிப்புகளில் பி.டி.எஃப். எடுக்க ஒரு பிரிண்டர் டிரைவர் (அச்சுக் கருவியை இயக்கும் மென்பொருள்) வழியாகத்தான் போக வேண்டும், ஏ.ஆர்.எம். விண்டோஸில் டிரைவர்கள் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். பெரிய தாள்களில் வரைபடம் அச்சிடும் அலுவலகத்தின் பழைய பிளாட்டரிலும் இதே சிக்கல் வரலாம் என்பதால், பி.டி.எஃப். எடுத்து மேக் பக்கமிருந்து அச்சுக்கு அனுப்புவதே நிம்மதி.

முதல் நாளில் பலரையும் எரிச்சலூட்டுவது வேகம் அல்ல, மவுஸ். ரெவிட்டில் வரைபடத்தை நகர்த்துவது சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுப்பதன் மூலம். ஷிப்ட் விசையோடு சேர்த்து இழுத்தால் முப்பரிமாணக் காட்சி சுழலும். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் சக்கரமும் இல்லை, நடுப் பொத்தானும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண சக்கர மவுஸ் இந்த இடத்தில் விலையுயர்ந்த மவுஸை வென்றுவிடுகிறது. அதேபோல, மேக் விசைப்பலகையில் டெலீட் என்று எழுதியிருப்பது விண்டோஸுக்கு பேக்ஸ்பேஸ். தேர்ந்தெடுத்த கதவை நீக்க எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

காட்சி தடுமாறினால் முதலில் திரையின் நுணுக்கத்தைக் குறையுங்கள். ரெட்டினா திரையின் அத்தனை புள்ளிகளையும் மெய்நிகர் கணினி வரைய வேண்டியிருப்பதால், பேரலல்ஸ் அமைப்பில் தெளிவை ஒரு படி இறக்கினாலே பெரிய மாற்றம் தெரியும். அப்படியும் கோடுகள் மறைவது, காட்சி கறுப்பாவது போன்றவை தொடர்ந்தால், ரெவிட்டின் விருப்பங்களில் கிராஃபிக்ஸ் பகுதியில் உள்ள வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் ஷீட் வேலை தடையில்லாமல் நடக்கும்.

கோப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மேக்கின் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் கோப்புறைகளைப் பேரலல்ஸ் விண்டோஸுக்குள்ளும் காட்டும். அங்கிருந்தே ரெவிட் கோப்பைத் திறக்கும் ஆசை யாருக்கும் வரும். திறக்க வேண்டாம். விண்டோஸுக்கு அது ஒரு நெட்வொர்க் இருப்பிடமாகவே தெரிகிறது. அடிக்கடி சேமிக்கப்படும் பெரிய கோப்புக்கு அது ஏற்ற இடமன்று. வேலை நடக்கும் கோப்பு விண்டோஸின் சி டிரைவில் இருக்கட்டும். ஆனால் சி டிரைவில் இருப்பதெல்லாம் ஸ்னாப்ஷாட்டுக்குள் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒருமுறை விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு ரெவிட் திறக்க மறுத்ததால், முந்தைய வாரத்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். ரெவிட் திறந்தது, கூடவே என் திட்டக் கோப்பும் முந்தைய வாரத்துக்குப் போய்விட்டிருந்தது. மாடிப்படிக் கைப்பிடிகளை முழுவதுமாக மறுபடி வரைய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ரெவிட்டை மூடியதும் கோப்பை மேக் பக்கம் நகலெடுப்பது என் வழக்கம். சென்ட்ரல் மாடலில், அதாவது எல்லோருக்கும் பொதுவான கோப்பில், பலரோடு சேர்ந்து வேலை செய்பவர்கள், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய பிறகு தங்கள் கணினியில் உள்ள அதன் பழைய லோக்கல் காப்பியைத் தொடாமல், புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுபோலவே, மாடல் திறந்திருக்கும்போது, குறிப்பாக சிங்க் (மாற்றங்களைச் சென்ட்ரல் மாடலோடு சேர்ப்பது) நடந்துகொண்டிருக்கும்போது, மேக்கின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போகாதீர்கள்.

ரெவிட்டோடு இணைத்துக்கொள்ளும் கூடுதல் நிரல்களான பிளகின்களில் எளியவை பெரும்பாலும் ஓடிவிடும். மாடலை நிஜம் போன்ற படமாக்கித் தரும் என்ஸ்கேப், லூமியான் போன்று கிராஃபிக்ஸ் அட்டையை நேரடியாகக் கேட்பவற்றை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதே வேலையைச் செய்யும் ட்வின்மோஷனுக்கு மேக் பதிப்பே இருப்பதால், மாடலை ஏற்றுமதி செய்து மேக் பக்கத்தில் படமெடுத்துக்கொள்ளலாம். மேக்ஓஎஸ்ஸின் புதிய பதிப்பு வந்தால், பேரலல்ஸ் அதை ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள். வரைபடம் ஒப்படைக்கும் வாரத்தில் விண்டோஸ் புதுப்பிப்புகளை நிறுத்திவையுங்கள்.

ரெவிட் பதிப்பை உயர்த்துவதையும் அலுவலகத்தில் மற்றவர்களோடு சேர்ந்தே செய்யுங்கள், ஏனெனில் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது.

இத்தனைக்குப் பிறகும் பெரிய திட்டங்கள் வந்துகொண்டே இருந்தால், அலுவலகத்தில் விண்டோஸ் ப்ரோ நிறுவிய ஒரு டெஸ்க்டாப்பை வைத்துவிட்டு, மேக்கிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஆப் மூலம் அதில் நுழைந்து வேலை செய்வதே மலிவு. அங்கே ரெவிட் தனக்கு ஆதரவுள்ள கணினியில்தான் ஓடுகிறது. மேக் வெறும் திரை. சக்கர மவுஸ் அப்போதும் வேண்டும்.