குயில்ட்டைத் தொங்கவிட்டுப் படமெடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக்கணக்கில் உட்கார்ந்து, துண்டுத் துணிகளை இணைத்து நடுவே பஞ்சு வைத்துத் தைத்த குயில்ட் போர்வையை மொட்டை மாடிக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப் மாட்டி, நாலு படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். படத்தில் மேல் ஓரம் அலை அலையாகத் தெரிகிறது, நடுப்பகுதி தொய்ந்து கிடக்கிறது, நீலம் கறுப்பாகிவிட்டது. பார்ப்பவர் தையலில்தான் கோளாறு என்று நினைப்பார். கைவேலைக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புதுக் கேமராவுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், ஒரு நல்ல கம்பிக்கும் நிற்கும் தூரத்துக்கும் வழி செய்யுங்கள்.

முதல் தவறு கம்பியில் ஆரம்பிக்கிறது. விலை குறைவு, எடை குறைவு என்று பி.வி.சி. பைப்பை வாங்கிவிடுகிறார்கள். இரட்டைக் கட்டில் அளவுள்ள பருத்திக் குயில்ட் இரண்டு மூன்று கிலோ இருக்கும். எட்டடி நீள பைப்பை இரு முனையில் மட்டும் தாங்கினால் அந்தப் பாரத்துக்கு அது நடுவில் வளையும். கம்பி வளைந்தால் அதில் தொங்கும் கட்டங்களின் கோடுகளும் வளையும். ஒரு அங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப் போதும், ஜன்னல் திரைக்குப் போடும் அதே பைப்தான். எட்டடிக்கு மேல் போனால் நடுவிலும் ஒரு கொக்கி கொடுங்கள்.

அதை எங்கே மாட்டுவது? அடுக்குமாடி வீடுகளில் துணி உலர்த்தக் கூரையில் பொருத்துகிறார்களே, கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும் புல்லி ஹேங்கர், அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. அதிலிருந்து ஒரே ஒரு பைப்பை ஹாலின் கூரையில் பொருத்திக்கொண்டால் போதும். பைப்பை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, குயில்ட்டைக் கோத்து, மேலே ஏற்றிக் கயிற்றைக் கட்டிவிடலாம். ஏணியில் நின்றபடி கனமான துணியோடு போராட வேண்டியதில்லை. ஏற்றிய பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நைலான் கயிறு பாரத்தில் சற்று நீளும். ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கினாலும் படத்தில் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கிளிப். நாலைந்து கிளிப்புகளில் தொங்கும் துணியின் முழு எடையும் அந்த நாலைந்து புள்ளிகளில் இறங்குகிறது. இடைப்பட்ட இடமெல்லாம் தொய்ந்து தோரணமாகிவிடும், தையலும் இழுபடும். சரியான வழி, பின்பக்கம் மேல் ஓரத்தில் கம்பி நுழையும் பட்டி தைப்பது. அமெரிக்கக் குயில்ட் கண்காட்சிகள் பலவற்றில் நாலு அங்குலப் பட்டி கேட்கிறார்கள். வீட்டிலும் அதே அளவைப் பழகிக்கொள்ளலாம். ஒன்பது அங்குல அகலத் துணியை நீளவாக்கில் மடித்து, அரை அங்குலம் விட்டுக் குழாய்போல் மூட்டினால் நாலு அங்குலப் பட்டி கிடைக்கும். நீளம் குயில்ட்டின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் குறைவாக இருக்கட்டும். ஊசி பின்துணியையும் நடுப்பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

இதில் பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. பட்டியைத் தட்டையாக ஒட்டித் தைத்துவிட்டால், கம்பி உள்ளே போனதும் குயில்ட்டின் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மேல் விளிம்பைத் தைத்த பிறகு, பட்டியின் வெளித்துணியை அரை அங்குலம் மேலே தள்ளி மடிப்பாக்கி, அதன் பிறகு கீழ் விளிம்பைத் தையுங்கள். கம்பிக்கு வேண்டிய இடம் பின்பக்கமே கிடைத்துவிடும். முன்பக்கம் வழவழவென்று விழும். நடுக்கொக்கி தேவைப்படும் பெரிய குயில்ட்டுக்குப் பட்டியை இரண்டு துண்டாகத் தைத்து நடுவில் இடைவெளி விடுங்கள்.

மடித்த மடிப்பு போகவில்லையே என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள். பஞ்சு அமுங்கிவிடும்; பாலியஸ்டர் பஞ்சாக இருந்தால் சூட்டில் கெட்டும்விடும். முந்தின இரவே தொங்கவிட்டால் பெரும்பாலான மடிப்பு தானே இறங்கும். படமெடுக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

இனி தூரம். அறை சின்னது என்று சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, போனின் 0.5 என்ற அகலக் கோண லென்ஸில் எடுப்பது பெரிய தவறு. அந்த லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். சதுரம் சதுரமாக இருக்காது. 2x ஜூம் வைத்து எடுங்கள். அதற்கு இடம் வேண்டும். ஐந்தடிச் சதுரக் குயில்ட்டுக்கு ஏறக்குறைய 11 அடி, ஏழரைக்கு ஒன்பதடி குயில்ட்டுக்கு ஏறக்குறைய 16 அடி பின்னால் போக வேண்டியிருக்கும். ஹாலின் நீளவாக்கில் கம்பியைப் பொருத்துவதா, குறுக்குவாக்கிலா என்று முடிவு செய்வதற்கு முன்பே டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். கேமரா, குயில்ட்டின் நடுப்புள்ளியின் உயரத்தில் இருக்க வேண்டும். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் மேல் பக்கம் குறுகி, போர்வை கோபுரம்போல் ஆகிவிடும். ஸ்டாண்ட் எட்டவில்லையென்றால் மேசை மேல் வையுங்கள்.

வெளிச்சம்தான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. நேர் வெயில் வேண்டாம். நிறம் வெளுத்துப்போகும், நிழல் வெட்டும். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டையும் போட்டால் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறுபாதி வேறு நிறமாகவும் வரலாம். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். நம் வீடுகளில் கவனிக்கப்படாத இன்னொன்று சுவர் வண்ணம். கிளிப்பச்சைச் சுவர் தன் பச்சையை வெள்ளைத் துணியின் மேல் தெளித்துவிடும். சிவப்புத் தரையும் அப்படித்தான், கீழ்ப்பகுதி செம்மை பூசிக்கொள்ளும். பக்கச் சுவரில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, தரையில் இன்னொன்றை விரித்தால் தீர்ந்தது.

விளக்கு வைத்து எடுப்பவர்கள் ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில், நன்றாகத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஓரம் வெளுத்து நடு இருளும். நாலு மூலையிலும் நடுவிலும் வெள்ளைத் தாளைப் பிடித்துச் சோதித்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் இந்தச் சமமான வெளிச்சத்தில் தையலின் மேடு பள்ளம் மறைந்துவிடுகிறது. அதனால் முழுப்படம் எடுத்த பிறகு ஒரு விளக்கை அணைத்து, மற்றதைத் துணியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் கொண்டுபோய், அருகில் ஒரு படம் எடுங்கள்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் கவந்திப் போர்வையை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக உள்நோக்கி நடுவரை ஓட்டுத் தையல் போடுகிறார்கள். நேர் வெளிச்சத்தில் அது வெறும் வண்ணத் துண்டுகளின் கூட்டம். சாய்ந்த வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு வரிசையும் உழுத வயல்போல் எழுந்து நிற்கும். நாலு மூலையிலும் மடித்துத் தைத்த சின்னத் துணிப்பூக்கள் இருக்கும். அவை இல்லாமல் போர்வை முழுமை அடையாது என்று அவர்கள் கருதுகிறார்கள். படத்தை நேர்க்கோடாக வெட்டுகிறேன் என்று ஓரங்களைக் கத்தரித்தால் முதலில் போவது அந்தப் பூக்கள்தான். எந்தக் குயில்ட்டானாலும் நாலு ஓரமும், அதற்கு வெளியே ஒரு சாண் பின்னணியும் படத்தில் இருக்கட்டும். கோணல் ஓரம் கோணலாகவே இருக்கட்டும், மென்பொருளில் இழுத்து நிமிர்த்த வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைத்த குயில்ட்கள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின. அவற்றில் பலவற்றின் ஓரங்கள் நேரானவை அல்ல.

கடைசியாக, பாட்டி தைத்த பழம் போர்வைகள். நைந்த நூலும் இற்றுப்போன துணியும் தன் எடையைத் தானே தாங்காது. இரவு முழுக்கத் தொங்கினால் காலையில் கிழிசலோடு நிற்கும். அவற்றைக் கம்பியில் ஏற்றவே கூடாது. தரையில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் போர்வையை இழுக்காமல் பரப்புங்கள். மாடிப்படியின் கைப்பிடிக்கு மேலிருந்தோ உறுதியான ஏணியிலிருந்தோ போனை நேர் கீழாகப் பிடித்து எடுங்கள். போன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். முழுதும் ஒரே படத்தில் அடங்கவில்லையென்றால் பாதி பாதியாக எடுத்து வையுங்கள்.