ஏர்கோனில் தண்ணீர் சொட்டுகிறதா? கேஸ் ஏற்றும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், ஒரு நாள் நள்ளிரவில் படுக்கையறை ஏர்கோனிலிருந்து தலையணைமேல் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மறுநாள் வந்த பழுதுபார்ப்பவர் முன்மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "கேஸ் குறைஞ்சிருச்சுக்கா" என்று சொல்லி, கேஸ் ஏற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் மறுபடியும் சொட்டியது. அடுத்து வந்தவர் பால்கனியில் இருந்த வடிகுழாயின் வாயிலிருந்து விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறச் சளியை இழுத்துப் போட்டார். அடைபட்டிருந்த தண்ணீர் அதன் பின்னாலேயே கொட்டியது. அன்று முதல் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் காற்றுப் போகும் வழியைப் பாருங்கள், அடுத்துத் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள், கேஸைப் பற்றிக் கடைசியில் யோசியுங்கள்.

ஏன் அப்படி என்பது விளங்க, ஏர்கோன் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள், மெல்லிய அலுமினியத் தகடுகள் கோத்த செப்புக் குழாய்ச் சுருள் ஒன்று இருக்கிறது. அதற்குள் திரவமாக வரும் குளிர்பதனப் பொருள் (கேஸ் என்று நாம் சொல்வது இதைத்தான்), அறைக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. வெளியே இருக்கும் கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்க, வெளிப்பெட்டியின் விசிறி அந்தச் சூட்டை வெளிக்காற்றில் தள்ளிவிட, ஆவி மறுபடியும் திரவமாகி உள்ளே திரும்புகிறது. பெட்ரோலைப் போல இது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. ஆகவே கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அதுவும் போய்விடும்.

கோலாலம்பூரின் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த சுருளில் அந்த ஈரம், ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறத்தில் வியர்ப்பதைப் போல நீராகி வழிகிறது. ஒரே இரவில் பல லிட்டர் நீர் கீழ்த்தட்டில் சேர்ந்து வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டியிருப்பதால், குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் கருவிக்குக் காட்டும் கவனத்தை நாம் இந்தச் சிறு குழாய்க்குக் காட்டியாக வேண்டும்.

முதல் வேலை, பில்டர். ரிமோட்டால் மட்டும் அணைத்தால் போதாது. சுவரில் உள்ள மின்சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஆடாத ஏணியில் ஏறுங்கள். முன்மூடியின் இரு ஓரங்களையும் பிடித்து மேலே தூக்கினால், வலைபோன்ற இரண்டு பில்டர்கள் தெரியும். அவற்றைச் சற்றே மேலே தள்ளிக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். தூசி படிந்த முகம் கீழே இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். தூசி வந்த வழியே திரும்பிப் போகும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் அது வலைக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் வீடுகளில் வெறும் தூசி மட்டும் படிவதில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, விரலால் தொட்டால் பிசுபிசுக்கும் ஒரு படலமாக ஒட்டியிருக்கும். அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டும் ஒரு மென்மையான பிரஷ்ஷும் போதும். வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும் என்பதால் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும். தினமும் ஏர்கோன் போடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், புகைமூட்டக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையும் இதைச் செய்வது நல்லது.

பில்டரைக் கழற்றிய கையோடு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அலுமினியத் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல அடைத்திருந்தாலும், காற்று வரும் வாய்க்குள் உருளை விசிறியின் இதழ்களில் கரும்புள்ளிகள் தெரிந்தாலும், அது ஆள் வந்து கழுவ வேண்டிய அழுக்கு. கத்தியாலோ கம்பியாலோ சுரண்டாதீர்கள்; தகடுகள் தாள்போல மடங்கிவிடும். குளோரின் கலந்த வெளுப்பான்களையும் தெளிக்காதீர்கள், அவை அலுமினியத்தை அரிக்கும்.

அடுத்து வடிகுழாய். அது பால்கனியிலோ குளியலறைத் தரையோரத்திலோ வெளிச்சுவரிலோ முடியும். ஏர்கோன் அரைமணி நேரம் ஓடிய பிறகும் குழாயின் வாயில் ஒரு சொட்டுக்கூட வராமல் உள்ளே சொட்டினால், அடைப்பு என்பது ஏறத்தாழ உறுதி. தண்ணீரையும் இழுக்கக்கூடிய வேக்கூம் இருந்தால், அதன் குழாயை வடிகுழாயின் வாயோடு சேர்த்து, ஈரத் துணியால் இறுகச் சுற்றி, ஒன்றிரண்டு நிமிடம் இழுக்க விடுங்கள். முதலில் காற்று மட்டும் வரும். பிறகு களகளவென்ற ஓசையோடு சளியும் தண்ணீரும் வந்து விழும். வெளியிலிருந்து அழுத்தமாக ஊத வேண்டாம், அழுக்கு திரும்பித் தட்டுக்கே போய்விடும்.

சுருளில் பனிக்கட்டி உறைந்திருப்பதைக் கண்டால், குளிரூட்டலை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட விட்டு உருகச் செய்யுங்கள். காற்றோட்டம் அடைபட்டாலும் உறையும், கேஸ் உண்மையிலேயே குறைந்தாலும் உறையும். பில்டரைக் கழுவிய பிறகும் உறைந்தால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும்.

வெளிப்பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உயரமான மாடிகளில் அதை வைத்திருக்கும் விளிம்பில் இறங்கி நிற்கவும் கூடாது. அதன் முன்னால் பூந்தொட்டியோ துணிக்கொடியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே நம் வேலை.

எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகு ஒரு சோதனை உண்டு. ரிமோட்டை மிகக் குறைந்த வெப்பநிலையில், விசிறியை அதிக வேகத்தில் வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு வெப்பமானியால், மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே வெளியே வரும் இடத்திலும் அளந்து பாருங்கள். வேறுபாடு 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெரும்பாலும் கேஸில் குறையில்லை. பிறகு 24 அல்லது 25 டிகிரிக்கு மாற்றி, கூரை விசிறியை மெதுவாகச் சுழல விட்டால் தூங்குவதற்கு அதுவே தாராளம்.

வேறுபாடு இதைவிட மிகக் குறைவாக இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் கேஸ் குறைவு என்றால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். செப்புக் குழாய்களை இணைக்கும் நட்டுகளில் எண்ணெய்க் கறை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் கசிகிறது. வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆர் 32, ஆர் 410ஏ, ஆர் 22 என்று எந்தக் கேஸ் வகை எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே ஏற்ற வேண்டும், ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. ஆர் 32 ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், தெரிந்தவர் கையில் மட்டும் அதை ஒப்படையுங்கள். கெமிக்கல் சர்வீஸ், அதாவது ரசாயனம் கொண்டு உள்பாகங்களைக் கழுவுவது, செய்தால், முடிந்ததும் உள்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது வடிகுழாயின் வாயில் தடையின்றி வருவதை நேரில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.