பந்தம் பிடிக்கிறவனை மேடையேற்றுவது எப்படி

எங்கள் சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தருவது என் தலையில் விழுந்த வேலை. வில்லனாக நடிக்க ஆள் பிடிப்பது சுலபம். மீசை ஒட்டலாம் என்றாலே இரண்டு பெடியள் வந்து நிற்பார்கள். வில்லனுக்குப் பக்கத்தில் நின்று பந்தம் பிடிக்கிற, அதாவது எதற்கும் ஆமாம் போடுகிற, ஆள்தான் ஒவ்வொரு முறையும் சொதப்புகிறது. இந்த முறை அந்த வேஷம் கட்டுகிற பெடியனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் முதுகை நிமிர்த்துங்கள். கூன் விழுந்த உதவியாள் என்றதும் பிராங்கன்ஸ்டைன் கதை எல்லோருக்கும் நினைவு வரும். 1818இல் வந்த அந்த நாவலில் அப்படி ஒரு ஆளே கிடையாது. 1931இல் வந்த படத்தில்தான் கூனன் வருகிறான், பெயர் ஃபிரிட்ஸ். கூனைப் பார்த்த உடனேயே சபை அவனை எடைபோட்டுவிடும். பிறகு அவன் என்ன கதைத்தாலும் எடுபடாது. சால்வையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டுகிற பகிடியையும் நான் விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் தோளில் சால்வை போடக்கூடாது என்று சாதியின் பேரால் ஒடுக்கப்பட்ட சனங்கள் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் பந்தம் பிடிக்கவில்லை.

சரி, முதுகும் இல்லை, சால்வையும் இல்லை என்றால் வேறு என்ன இருக்கிறது? காது இருக்கிறது. நான் பெரியகடைப் பக்கம் ஒரு புடைவைக் கடையில் பதினொரு வருஷம் கணக்கு எழுதினேன். அங்கே முதலாளிக்கு நிழல் மாதிரி ஒருவர். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் முதலாளி, "இண்டைக்குக் கறி சரியான உறைப்பு" என்றார். "ஓம் ஐயா, வாய் வைக்கேலாது." இன்னொரு கவளம் எடுத்த முதலாளி, "ஆனால் மீனுக்கு இந்த உறைப்பு வேணும்." "அதைத்தான் ஐயா நானும் சொல்ல வந்தனான்." ஆமாம் போட்டவர் அந்தக் கறியை இன்னும் தொடவே இல்லை. வசனம் எழுதும்போது இந்தத் திருப்பத்தை எழுதுங்கள்: எசமான் பாதி வழியில் மனம் மாறவேண்டும், இவன் மூச்சு விடாமல் கூடவே திரும்பவேண்டும். சபை தானாகச் சிரிக்கும். புகழ்ச்சியை அடுக்கினால் மூன்றாவது வரியில் கொட்டாவி வரும்.

அதே மனுஷன் என்னிடம் வந்தால் வேறு ஆள். நான் இரண்டு நிமிஷம் பிந்திப் போனதை முதலாளி கவனித்திருக்க மாட்டார், இவர் சொல்லிக் கொடுப்பார். மேலே குனிகிற ஒவ்வொரு காட்சிக்கும் கீழே மிதிக்கிற ஒரு காட்சி எழுதாவிட்டால் அவன் வெறும் பபூன்.

பிறகு அவனுக்கு ஒரு கணக்குப் புத்தகம் திறவுங்கள். என்ன வரவு, எதற்குப் பயம்? 1897இல் வந்த டிராகுலா நாவலில் ரென்ஃபீல்ட் ஈயையும் சிலந்தியையும் பிடித்துத் தின்கிறான். அவனுக்கு வேண்டியது உயிர்கள், எசமான் டிராகுலா காட்டுகிற ஆசையும் அதுதான். அந்த விசுவாசத்துக்கு ஒரு விலை தெரிவதால்தான், கடைசியில் அவன் எதிர்த்து நின்று சாகும்போது நமக்குச் சுடுகிறது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் கம்பராமாயணத்து மகோதரன். சீதை இணங்கவில்லை என்று இராவணன் வெந்துகொண்டிருக்கும்போது, மருத்தன் என்ற அரக்கனைச் சனகனாக உருமாற்றிக் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்கிறவன் அவன். எசமானின் ஆசைக்குத் தந்திரம் என்று ஒரு சட்டை போட்டுக் கொடுக்கிறான், அவ்வளவுதான். அதே அரண்மனையில் கும்பகருணனும் இருக்கிறான். செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே போய்ச் சாகிறான். உங்கள் நாடகத்திலும் அப்படி ஒருவனைப் பக்கத்தில் நிறுத்துங்கள், பந்தம் பிடிக்கிறவனின் நிறம் உடனே தெரியும்.

வில்லன் மேடையில் இல்லாத நேரத்தில்தான் இவனால் அதிகப் பிரயோசனம். அரிச்சந்திரன் கதையைச் சொல்லும் மயான காண்டம் நாடகத்தில் நடிகர் வி.வி. வைரமுத்துவைப் பார்த்த கிழவர்கள் இன்னும் அந்தச் சுடலையிலேயே நிற்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்திய பகுதியில் வருகிற நட்சத்திரேசன்தான் பிடித்த ஆள். கடனை வாங்கிவர விசுவாமித்திரர் அனுப்பியவன். வழிநெடுக அரிச்சந்திரனைப் பிடுங்கி எடுக்கிறான். முனிவர் பக்கத்தில் இல்லை, ஆனால் அவர் பிடி தளரவே இல்லை.

நடிக்கிறவருக்கு இரண்டே கட்டளை. கையைச் சும்மா விடாதே. நாடகம் முடியும்வரை கதிரையில் இருக்காதே. வில்லன் விழுந்த பிறகு, கடைசிக் காட்சியில் யாராவது அவனுக்கு ஒரு கதிரை கொடுக்கட்டும். எங்கள் கடையில் முதலாளி செத்த பிறகு மகன் அந்த மனுஷனுக்கு அப்படித்தான் கதிரை போட்டார், "இருங்கோ அண்ணை" என்று. அவர் அதைத் தூசி தட்டிவிட்டு நின்றார்.

போன கிழமை ஒத்திகையில் பெடியனுக்கு இந்தக் கதையைச் சொல்லாமலே கதிரையைக் கொடுத்துப் பார்த்தேன். நுனியில் இருந்தான், இரண்டு கையும் முழங்காலில், கண் வில்லன் போன திசையில். அப்படியே வைத்துக்கொள் என்றேன்.