விசா போட்டோவில் அளக்க வேண்டியது தலையை

அமெரிக்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மா போக வேண்டும். விசா விண்ணப்பத்தில் போட்டோவை ஏற்றினால் திரும்பத் திரும்ப நிராகரித்தது. வீட்டுப் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த படம்தான். "பாஸ்போர்ட் சைஸ் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான்க்கா" என்று சொல்லி, 35க்கு 45 மில்லிமீட்டர் படத்தையே இழுத்துச் சதுரமாக்கிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் முகம் பக்கவாட்டில் அகன்று, பார்க்கவே வேறு யாரோ போல இருந்தது. மூன்று நாள் மெனக்கெட்டு வீட்டிலேயே எடுத்து முடித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் எண் ஆவணம்தான் பயணப் படங்களுக்கெல்லாம் அடிப்படை. முகத்தைக் கணினி படித்து ஒப்பிட வேண்டும் என்பதால்தான் நேர்ப் பார்வை, சீரான வெளிச்சம், வெறும் பின்னணி என்று இவ்வளவு கெடுபிடி. ஆனால் தாளின் அளவை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலச் சதுரம். ஷெங்கன் நாடுகளுக்கும் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பிரிட்டனுக்கும் 35க்கு 45. கனடா பாஸ்போர்ட்டுக்கு 50க்கு 70.

அதற்குள் தலை எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர், ஷெங்கனுக்கு 32 முதல் 36, பிரிட்டனுக்கு 29 முதல் 34.

எடுப்பது

அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கரை தெரியாமல் மடித்து, வராந்தாச் சுவரில் தொங்கவிட்டேன். காலை எட்டரை மணி, வெயில் நேராக விழாத வெளிச்சம். அம்மாவைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் உட்கார வைத்தால் நிழல் வேட்டியில் விழாது. போனை அவர் கண் மட்டத்தில் வைத்து, ஆறடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் எடுங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம், கிட்டப் போனால் மூக்கு பெரிதாகிவிடும். போர்ட்ரெய்ட் மோடும் அழகூட்டும் ஃபில்டரும் அணைந்திருக்க வேண்டும். தலையைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பூ வைக்காமப் போட்டோ எடுக்கச் சொல்றியேடி" என்று அம்மா வருத்தப்பட்டார். மல்லிகைச் சரம் காதோரம் எட்டிப் பார்த்தால் தலையின் விளிம்பே மாறிவிடும், அதனால் எடுத்துவிட்டோம். மூக்குத்தி இருக்கலாம். முகத்தை மறைக்காத நகைக்கு அமெரிக்கா தடை சொல்வதில்லை. கல்லில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் திருப்புங்கள். கண்ணாடி கூடாது, 2016 நவம்பரிலிருந்தே இந்த விதி. அரை மணி நேரம் முன்பே கழற்றச் சொல்லுங்கள், மூக்கில் பதிந்த தடம் மறையட்டும்.

வெட்டுவது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

தலையின் உயரம் என்றால் தாடையிலிருந்து நெற்றி மேட்டில் முடி தொடங்கும் இடம் வரை என்று நினைத்து அளந்தேன். தப்பு. அமெரிக்க விதியில் தாடையின் கீழ் விளிம்பிலிருந்து முடியும் சேர்த்து உச்சி வரை. நான் 65 சதவீதம் என்று நினைத்து வெட்டிய படத்தில் தலை முக்கால் பங்கையும் தாண்டி நின்றது. அனுமதிப்பது படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம்.

சரி, திருத்தி அளக்கலாம் என்று பெரிதாக்கிப் பார்த்தால் உச்சியே தெரியவில்லை. அம்மாவுக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளை முடி, தூக்கலான வெளிச்சம் மூன்றும் ஒன்றாகக் கரைந்து, நெற்றிக்கு மேலே எதுவுமே இல்லாதது போல இருந்தது. மறுநாள் மறுபடி எடுத்தோம். போன் திரையில் முகத்தைத் தொட்டால் வரும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுத்தேன். வேட்டி லேசாகப் பழுப்பேறியது, முடி இழை இழையாகத் தெரிந்தது. வெளிர் வெள்ளைப் பின்னணியும் ஏற்கத்தக்கதுதான். புடவையும் வெள்ளை வேண்டாம். அம்மா அரக்குச் சுங்குடி கட்டியிருந்தார்.

இப்போது கணக்கு. மூலப் படத்தில் தாடை முதல் உச்சி வரை 900 பிக்சல் என்று வையுங்கள். 60 சதவீதம் வேண்டுமென்றால் 900ஐ 0.6ஆல் வகுங்கள்: 1500. ஆக 1500க்கு 1500 சதுரமாக வெட்ட வேண்டும். உச்சிக்கு மேல் 120, தாடைக்குக் கீழ் 480 விட்டால் கண்கள் அடியிலிருந்து 60 சதவீதம் பக்கம் நிற்கும். விதி கேட்பது 56 முதல் 69. பிறகு 600க்கு 600 ஆகச் சுருக்கி, ஜேபெக்காக 240 கேபிக்குள் சேமியுங்கள்.

அதே மூலப் படம் ஷெங்கனுக்கும் ஆகும். தலையை 34 மில்லிமீட்டர் என்று வைத்தால் வெட்ட வேண்டிய உயரம் 1191 பிக்சல், அகலம் 926.

இதற்கு நான் கிம்ப் மென்பொருளைத்தான் சொல்வேன். இலவசம், அளக்கும் கருவி அதிலேயே இருக்கிறது. பின்னணியைத் தானாக நீக்கும் செயலிகள் பக்கம் போகாதீர்கள். காதோரம் முடியைத் தின்றுவிடும். செயலியாலோ செயற்கை நுண்ணறிவாலோ மாற்றிய படத்தை அமெரிக்கா ஏற்பதுமில்லை.

அச்சு

நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் 35க்கு 45 படம் எட்டு அடங்கும். லேபில் கொடுக்கும்போது "தாளுக்கு ஏத்த மாதிரி பெருசாக்காதீங்க, உள்ளபடியே போடுங்க" என்று சொல்லுங்கள். சொன்னாலும் இயந்திரம் இரண்டு மில்லிமீட்டர் மாற்றிவிடும். அதனால் தாளின் ஓரத்தில் சரியாக 50 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைந்து அனுப்புகிறேன். அச்சானதும் கடையிலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

பிற்சேர்க்கை: கைக்குழந்தைக்கு எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நம்மூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் பெரியவர்களை அங்கேயே படம் எடுத்துவிடுவார்கள். நாலு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் 4.5க்கு 3.5 சென்டிமீட்டர் படம் நாம் கொண்டுபோக வேண்டும். வேட்டியைக் கட்டிலில் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்து, மேலிருந்து எடுங்கள். உங்கள் நிழல் விழக் கூடாது, பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அந்த அஞ்சு நிமிஷம் துடைத்துவிடுங்கள், எடுத்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.