கப்பலில் விடுமுறையா? முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சொகுசுக் கப்பலில் முதல்முறை போகிறவர்களில் பலர் அதை மிதக்கும் ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. 2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 20 தளங்கள் இருக்கின்றன, நிறைந்தால் 7,600 பயணிகள் வரை கொள்ளும். நீச்சல்குளம், நாடக அரங்கு, பனிச்சறுக்கு மேடை என்று உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. ஆனால் ஹோட்டல் நம் வசதிக்கு நடக்கும். கப்பல் கடலுக்கும் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டு நடக்கும். இதை மறந்துவிட்டுத் திட்டம் போடுவதால் வரும் தொல்லைகள்தான் கப்பல் பயணத்தில் அதிகம். அவற்றில் பாதிக்கும் மேல் வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்யும்போதே ஆரம்பித்துவிடுகின்றன.

விலையை மட்டும் பார்த்து கேபின் பிடிப்பது

எந்த கேபின் என்பதைவிட அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்பது முக்கியம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே கேபின் கிடைத்தால், விடிவதற்கு முன்பே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கூரையில் கேட்கும். நடன அரங்குக்கு மேலே கிடைத்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். கப்பலின் முன்பக்கத்துக் கீழ்த்தளங்களில், துறைமுகத்துக்குள் நுழையும் காலை வேளைகளில், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் உறுமல் எழுப்பிவிடும். நங்கூரம் போடும் இடமாக இருந்தால் சங்கிலிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் இருக்கும். மேலும் கீழும் வெறும் கேபின்களே இருக்கிற இடமாகப் பார்த்து எடுங்கள். தலைசுற்றல் பயம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில் எடுப்பது நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. கேபின் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவுக் கட்டணமும் உண்டு. எங்கே போட்டாலும் சரி என்பவர்களுக்கு மட்டும்தான் அது ஏற்றது. ஜன்னல் என்று சொல்லி விற்கும் சில கேபின்களில் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கும். பதிவுப் பக்கத்தில் அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பால்கனி வேண்டுமா? அலாஸ்காவின் பனியாறுகள், நார்வேயின் குறுகிய கடற்கழிகள் போன்ற வழித்தடமானால் கட்டாயம் எடுங்கள். தினம் ஒரு நகரத்தில் இறங்கிச் சுற்றும் பயணத்துக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. பகலெல்லாம் வெளியே இருப்பீர்கள், இரவில் வெளியே இருட்டுதான் தெரியும். ஜன்னலே இல்லாத உள் கேபினில் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. பல கப்பல்களில் முன்பக்கக் கேமராவின் காட்சி டிவியில் ஒரு சேனலாக ஓடும். சத்தத்தைக் குறைத்துவிட்டு இரவெல்லாம் அதை ஓட விட்டால் விடியல் தெரிந்துவிடும்.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் விமானம் ஏறுவது

விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் ஹோட்டல் அறை உங்களுக்காகக் காத்திருக்கும். கப்பல் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறும் வாயிலை மூடிவிடுவார்கள். அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் எப்போதும் கைகொடுக்காது. வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதைத் தடுக்கும் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதனால் சில வழித்தடங்களில் இடையில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

விசாவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மத்தியதரைக் கடல் பயணங்களில் கப்பல், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலிருந்து கிளம்பி, துருக்கிக்கோ மாண்டினீக்ரோவுக்கோ போய்விட்டு மறுபடியும் ஷெங்கனுக்குள் வரும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா அதற்குப் போதாது. பலமுறை நுழையும் விசா வேண்டும். கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் விசா கேட்கும் நாடுகள் உண்டு. ஆவணம் குறைந்தால் முதல் நாளே ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. பயணம் முடிவதற்குள் 24-வது வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் அதே கதைதான். நீண்ட கடல் பயணமென்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும்.

ஏறிய அன்றே வரும் சிக்கல்கள்

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். மருந்து, பாஸ்போர்ட், நீச்சல் உடை, மாற்றுத் துணி ஒன்று ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவர்த்தி, மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனிகளில் பரவிய தீயில் ஒருவர் இறந்தார். அணையாத சிகரெட் துண்டு ஒன்றுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் நாலைந்து கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத்துணி எல்லாம் மாட்டலாம்.

பாதுகாப்புப் பயிற்சியைச் சடங்காக நினைத்துத் தட்டிக்கழிப்பது இன்னொரு தவறு. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அப்போதிருந்த விதி 24 மணி நேரம் வரை அவகாசம் கொடுத்திருந்தது. இப்போது கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ முடித்தாக வேண்டும். பல கப்பல்களில் நிறுவனத்தின் செயலியில் வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்குப் போய் கேபின் அட்டையைக் காட்டினால் போதும். வீடியோவை ஓட விட்டுவிட்டுப் பல் துலக்கப் போகிறவர்கள்தான் அதிகம். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் அது அவசர அழைப்பு. கேபினிலிருந்து கூடுமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது.

எல்லாம் கட்டியாகிவிட்டது என்று நினைப்பது

பயணக் கட்டணத்தில் கேபின், பஃபே, பெரிய சாப்பாட்டு அரங்கு, மாலை நிகழ்ச்சிகள் அடங்கும். மது, குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், வைஃபை, ஸ்பா, கரைச் சுற்றுலா, புகைப்படம் எல்லாம் பல நிறுவனங்களில் தனி. இதற்கு மேல் ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். குடும்பமாகப் போகிறவர்கள் இந்த ஒரு தொகையை முன்கூட்டியே பெருக்கிப் பார்த்துவிட வேண்டும்.

கப்பலில் ரொக்கம் புழங்காது. கேபின் கதவைத் திறக்கும் அட்டையையே எங்கும் நீட்டுவீர்கள், பணம் போவது கண்ணுக்குத் தெரியாது. கடைசி நாள் காலை வரவேற்பு மேசைக்குப் போய்ப் பாருங்கள். நீளமான வரிசை நிற்கும். கையில் பில்லை விரித்து வைத்துக்கொண்டு, இந்த பானம் யார் குடித்தது என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். செயலியிலோ டிவியிலோ தினம் இரவு கணக்கைப் பார்த்துவிட்டுப் படுத்தால், தவறாக ஏறிய தொகையை அன்றே சொல்லி நீக்கலாம்.

பானங்களுக்கு மொத்தமாகக் கட்டும் பேக்கேஜை எடுத்தால் ஒரே கேபினிலுள்ள பெரியவர்கள் அனைவரும் எடுக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. ஒருவர் குடிப்பவர், மற்றவர் தொடாதவர் என்றால் கணக்கு உதைக்கும். பகல் முழுக்கக் கரையில் இருக்கும் நாட்களையும் கழித்துப் பார்க்க வேண்டும். அப்புறம், கணக்குத் தொடங்கும்போது டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். முன்பணமாக ஒரு தொகையை வங்கியில் முடக்கி வைப்பார்கள், அது விடுபடப் பல நாட்கள் ஆகலாம். கிரெடிட் கார்டில் இந்தத் தொல்லை உறைக்காது.

கைபேசியும் பர்ஸைக் கடிக்கும். கரை மறைந்ததும் போன் கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக்கில் அது சேராது. பையில் கிடக்கும் போன் தானாக எதையாவது புதுப்பித்துக்கொண்டிருந்தாலும் கட்டணம் ஏறும். கப்பல் நகரத் தொடங்கியதுமே ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்துவிடுங்கள். 2022 முதல் பெரிய நிறுவனங்கள் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய இணைப்புக்கு மாறத் தொடங்கியதால் வேகம் முன்பைவிட எவ்வளவோ மேல்.

கரையில் இறங்கும் நாள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலாவது, நேரம். கப்பலின் கடிகாரம் உள்ளூர் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. சில பயணங்களில் கிளம்பிய ஊரின் நேரத்தையே கடைசிவரை வைத்திருப்பார்கள். கைபேசியோ உள்ளூர் டவரைப் பிடித்ததும் தன்பாட்டுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு மணி நேரம் தவறினால் கப்பலே தவறிவிடும். சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, இறங்கும் வாயிலில் எழுதி வைத்திருக்கும் கப்பல் நேரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வதுதான் நம்பகமான வழி. அந்தப் பலகையில் போட்டிருப்பது எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம். கப்பல் கிளம்புவது அதற்கு அரை மணியோ ஒரு மணியோ கழித்து.

கிளம்பும் வேளையில் மேல்தளத்துக் கம்பியோரம் ஒரு கூட்டம் கூடும். ஏறும் பாலத்தை இழுத்துவிட்டார்கள், கரையில் ஆட்கள் கயிறுகளை அவிழ்க்கிறார்கள். அந்த நேரத்தில் துறைமுகத்தின் கோடியில் இரண்டு பேர் கையில் பைகளோடு ஓடிவருவார்கள். மேலே கைதட்டல், விசில், போனில் வீடியோ. சில சமயம் பாலத்தைத் திரும்பப் போடுவார்கள். பெரும்பாலும் போடுவதில்லை. அப்படி விட்டுப் போகும்போது கேபின் பெட்டகத்தில் பாஸ்போர்ட் கிடைத்தால் அதை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களின் வழக்கம். அங்கிருந்து அடுத்த துறைமுகம்வரை போகும் செலவு முழுக்க உங்களுடையது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது தங்கள் செலவில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். வெளியே மலிவாகப் பிடித்த வண்டிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. பக்கத்தில் சுற்ற வெளி வண்டி, தூரம் போக கப்பல் சுற்றுலா என்று பிரித்துக்கொள்ளலாம்.

தூரம் என்றதும் இன்னொன்று. பயணத்திட்டத்தில் ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் வார்னமுண்டே, ஒரு வழிக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் போய்விடும். எட்டு மணி நேர நிறுத்தத்தில் பாதி பஸ்ஸில் கழிவதைவிட, சில இடங்களில் துறைமுக ஊரையே நிதானமாகச் சுற்றுவது மேல்.

கிரீஸின் சான்டொரினி தீவு போன்ற இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகில்தான் இறக்குவார்கள். கப்பல் சுற்றுலா வாங்கியவர்களுக்கு முதலிடம், மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். காற்று பலமானால் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஒத்துக்கொண்ட பயண ஒப்பந்தத்தில் அதற்கு கேப்டனுக்கு உரிமை இருக்கிறது. பொதுவாகத் துறைமுக வரி மட்டும்தான் திரும்பும். ஒரே ஓர் ஊருக்காகக் கப்பல் பயணம் எடுப்பது அதனால்தான் சரிப்படாது. அந்த ஊருக்கு நேராக விமானத்தில் போய்விடலாம்.

உடம்பு

தலைசுற்றல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும். எது ஒத்துக்கொள்ளும் என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடும்போது அறைக்குள் படுத்து போன் பார்ப்பது மோசம். வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸை கை சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை, பஃபேக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. கப்பல் மருத்துவமனையில் கட்டணம் அதிகம், ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் நிலை வந்தால் சொல்லவே வேண்டாம். அவசர மருத்துவ வெளியேற்றத்தைச் சேர்த்த பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

இறங்கும் காலை

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய உடையையும் செருப்பையும் அதிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, இரவு உடையோடு குடியேற்ற வரிசையில் நிற்பவர்கள் உண்டு. பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கச் சம்மதித்தால் முதலில் இறங்கலாம், இந்த வேலையும் மிச்சம். பஃபேயிலிருந்து எடுத்த பழத்தைப் பையில் மறந்து வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அதற்கே அபராதம் போடுவார்கள். கப்பல் காலையில் கரைக்கு வந்தாலும் ஆயிரக்கணக்கானோர் இறங்கிச் சுங்கம் தாண்ட நேரமாகும் என்பதால், மதியத்துக்கு முந்தைய விமானத்தில் டிக்கெட் போட வேண்டாம்.