கூடுதல் வேகத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னால்

வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் "சார், அடுத்த பிளானுக்கு மாறிடுங்க" என்கிறார்கள். மாறலாம், ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு மாறுங்கள். 50 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) ஒரு விலை, 200-க்கு ஒரு விலை என்று வைப்பது நெட் நியூட்ராலிட்டிக்கு, அதாவது எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கைக்கு, எதிரானது இல்லை, பலர் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டோ, போட்டியாளர் என்பதாலோ ஒரு தளத்தை மட்டும் வேகமாக்குவதும் இன்னொன்றை மெதுவாக்குவதும்தான் கூடாது. இந்தியாவில் 2018-ல் அது நிறுவனங்களின் உரிம நிபந்தனையாகவே வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் என்பதை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தடை செய்தது; சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுத்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்கே மூட்டை கட்டியது அதனால்தான்.

சரி, முதல் வேலை அளப்பது. வைஃபையில் அளக்காதீர்கள், ரவுட்டரிலிருந்து நேராக லேப்டாப்புக்கு லேன் கேபிள் போட்டு அளங்கள், ஒரு தடவை பகலில், ஒரு தடவை இரவு ஒன்பது மணி வாக்கில். கேபிளில் முழு வேகம் வந்து படுக்கையறையில் வராவிட்டால் கோளாறு உங்கள் வீட்டுக்குள், பிளானை மாற்றி ஒன்றும் ஆகாது. ரவுட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையா என்றும் பாருங்கள். பழைய ரவுட்டர் பலவற்றில் அதுதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு 300-க்குப் பணம் கட்டுவது சுத்த வீண். இன்னொன்று, 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பிதான் (மெகாபைட்) காட்டும், அது மோசடி இல்லை, பிட்டை எட்டால் வகுத்தால் பைட். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான், நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் பிளானின் சிறிய எழுத்து. "அன்லிமிடெட்" என்று பெரிதாகப் போட்டுவிட்டுக் கீழே மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கும். தாண்டினால் என்ன வேகத்துக்கு இறக்குவார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரே ஒரு ஆப் மட்டும் திணறுகிறதா? அங்கேதான் சந்தேகம் நியாயமாகிறது. சாதாரண ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்திலேயே உள்ள சர்வரில் அளக்கும், சில சமயம் அது உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும், எண் அழகாகத்தான் வரும். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்து அளக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், இதில் மட்டும் எண் குறைந்தால் நெட்ஃபிளிக்ஸுக்குப் போகும் பாதையில் ஏதோ தடங்கல் என்று சந்தேகிக்கலாம். இன்னும் உறுதியாக வேண்டுமானால் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான 'வீஹி' (Wehe) என்ற இலவச ஆப் இருக்கிறது. யூடியூப் போன்ற சேவையின் டிராஃபிக்கைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள், அதை அப்படியே ஒரு தடவை அனுப்பும், அடையாளம் தெரியாதபடி உருமாற்றி இன்னொரு தடவை அனுப்பும். அடையாளம் தெரியும்போது மட்டும் திரும்பத் திரும்ப வேகம் குறைந்தால் யாரோ பார்த்துப் பார்த்து அமுக்குகிறார்கள். விபிஎன் (இணைப்பை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) போட்டால் சரியாகிறது என்பதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். விபிஎன் வேறு பாதையில் போகும், பழைய பாதையில் வெறும் நெரிசலாகக்கூட இருந்திருக்கலாம்.

கையில் ஸ்கிரீன்ஷாட்டுகள் சேர்ந்ததும் (தேதி, நேரம் தெரிய வேண்டும்) கஸ்டமர் கேரில் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அப்படி ஒருவர் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும் என்பது விதி. டிராய் தனிநபர் புகாரை எடுத்துத் தீர்த்துவைப்பதில்லை, அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதுவும் நகராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால், செல்லும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருப்பதைக் காட்டுங்கள்.